வாயிற்காவல்

தென்பெண்ணையாற்றின் தென்கரையில் விளங்கும் பழம்பதி திருக்கோவலூர். இந்நாளில் திருக்கோவிலூர் என வழங்கும் அவ்வூர் கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சார்ந்தது. மலையமான் திருமுடிக்காரியின் வண்மையால் சிறந்தது அது; பாரியை இழந்த கபிலர் உயிர் துறந்த இடமெனக் காட்டப்பெறும் பாறையொன்று அங்கே ஆற்றினுள் நிற்கின்றது. சேதி நாட்டின் தலைநகராய் அவ்வூர் திகழ்ந்த காலத்தில், அங்கிருந்து அரசு புரிந்தவர் மெய்ப்பொருள் நாயனார் எனப் பெரியபுராணத்தில் சேக்கிழார் கூறுவர். அவ்வரலாற்றில் வாயிற்காவலன் ஒருவன் வருகின்றான். அவன் பெயர் தத்தன். கணிப்பொறியும் கைப்பேசியும் பெருகிய இக்காலத்தில் ஒவ்வொருவரும் நினைந்து பார்க்கத்தக்கவன் அவன்.

மெய்ப்பொருளாரோடு பகை கொண்டவன் முத்தநாதன். அவன் பன்முறை போர் தொடுத்தான், பன்முறையும் தோற்றான். படையால் வெல்லுதல் இயலாதென்று கண்டபின் சூழ்ச்சியை நாடினான். மெய்ப்பொருளார் அடியார் திருவேடத்தையே மெய்ப்பொருளாகப் போற்றுபவர் என்பதை அவன் அறிவான். ஆதலின், உடலெங்கும் திருநீறு பூசினான், சடையை முடித்துக் கட்டினான், சுவடிக்கட்டுப் போன்ற ஒன்றினுள் வாளை மறைத்து ஏந்தினான், கோவலூர் புகுந்தான்.

வாயில்தோறும் நின்ற காவலர் அடியார் வேடங்கண்டு வழிவிட்டனர். இறுதி வாயிலில் நின்ற தத்தன் மட்டும், அரசர் துயில்கின்றார், காலமறிந்து புகுதல் வேண்டும் என்று தடுத்தான். வந்தவன் நின்றானில்லை. அரசனுக்கு உறுதிப்பொருள் உரைக்க வந்ததாகச் சொல்லி, அவனைக் கடந்து உள்ளே சென்றான். உலகில் எங்கும் கிடைக்காத ஆகமம் ஒன்று தன்னிடம் உளது என்றான். அதனைத் தனியிடத்தில்தான் உரைத்தல் கூடும் என்றான். அரசியார் அகன்றார். அரசர் அவனை உயர்ந்த இருக்கையில் அமர்த்தித் தாம் கீழே அமர்ந்தார். அவன் சுவடி அவிழ்ப்பவனைப் போலக் கட்டினை அவிழ்த்தான், வாளை எடுத்தான், தான் நினைத்ததை முடித்தான். அந்நொடியே தத்தன் பாய்ந்து வந்தான். வீழும் நிலையிலும் நாயனார் தத்தனைத் தடுத்தார். அடியார் வேடம் பூண்டவனுக்கு ஊறு நேராதபடி ஊரெல்லை வரை காத்துச் சென்று விடுமாறு பணித்தார். தத்தன் அவ்வாறே செய்து மீண்டு வந்து உரைத்த பின்னரே அவர் உயிர் நீத்தார்.

இவ்வரலாறு நாயனாரின் பத்தித் திறத்தைக் காட்டுவது. அதன் பெருமை என்றும் குன்றாதது. எனினும் அதனுள் பிறிதோர் உண்மையும் அடங்கியுள்ளது. கோவலூரின் மதில் இடிபடவில்லை, கதவு உடைபடவில்லை, காவலர் உறங்கவும் இல்லை. பகைவனை உள்ளே விட்டது, அவன் பூண்ட வேடத்தின்மீது பிறர் வைத்த நம்பிக்கையே.

இக்காலத்துக் கோட்டைகள் கல்லால் ஆனவையல்ல. உழவர் சேர்த்த பணம், நிலத்தின் பட்டா, மாணவர் பெற்ற மதிப்பெண், நோயாளியின் மருத்துவக் குறிப்பு, உறவினர் எழுதிய மடல் ஆகிய அனைத்தும் கணிப்பொறிகளுள் உறைகின்றன. அவற்றின் வாயிலைத் திறப்பது கடவுச்சொல் என்னும் ஒரு சொல்லே. அச்சொல்லை அறிந்தவனையே உரியவன் எனக் கணிப்பொறி கொள்ளும்.

மறைவாகப் பேசுதல் தமிழர்க்குப் புதியதன்று. ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்கும்படி வழங்கும் சொல்லைக் குழூஉக்குறி என்று நன்னூல் வகுத்தது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என வழங்குதல் அதற்குக் காட்டப்பெறும் எடுத்துக்காட்டு. ஆனால், அத்தகைய குறியின் பொருளைப் பிறர் ஒருமுறை அறிந்துவிட்டால், அதன் மறைவு அன்றோடு நீங்கும். இக்குறையை உணர்ந்தவர் ஆகஸ்த் கெர்க்ஹாப்ஸ் என்னும் மொழிப் பேராசிரியர். மறைக்கும் முறை பகைவன் கைக்குச் சென்றாலும் தீங்கு விளைதல் கூடாது. திறவுகோல் ஒன்றே மறைவாய் இருந்தால் போதும் என்று 1883-ஆம் ஆண்டில் அவர் எழுதினார். இன்றைய குறியாக்கக் கலை அவ்வடிப்படையில் எழுந்ததே. பெல்ஜியம் நாட்டு அறிஞர் இருவர் அமைத்து, 2001-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு ஏற்றுக்கொண்ட குறியாக்க முறை உலகெங்கும் வழங்குகின்றது. அதன் செய்முறையை எவரும் படித்தறியலாம். ஆனால், அதன் சிறிய திறவுகோலுக்கே 39 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணளவு வேறுபாடுகள் உள. அவற்றை ஒவ்வொன்றாக முயன்று பார்த்துத் திறத்தல் எப்பொறிக்கும் இயலாதது. இதுவே இக்கால மதிலின் வலிமை.

மதில் இத்துணை வலிதாயின், களவு நிகழ்வது எங்ஙனம்? முதற்கண் கடவுச்சொல்லையே நோக்குதல் வேண்டும். நன்னெறியில் அமைந்த கணிப்பொறி, கடவுச்சொல்லை உள்ளவாறே எழுதி வைப்பதில்லை. அரிசியை மாவாக அரைப்பதுபோல, அதனைத் திரும்பப் பெறவியலாத வேறொரு வடிவாக மாற்றி வைக்கும். மாவைக் கொண்டு மீண்டும் அரிசி செய்தல் இயலாது. உரியவர் வந்து சொல்லைக் கூறும்போது, அதனையும் அவ்வாறே அரைத்து, இரு மாவும் ஒன்றா என்று ஒத்துப் பார்க்கும். ஒரே சொல்லை இருவர் வைத்திருந்தால் மாவும் ஒன்றாகிக் களவுக்கு வழி ஏற்படுமாதலின், ஒவ்வொருவர் சொல்லோடும் வெவ்வேறு எழுத்துகளைச் சேர்த்து அரைப்பர். அதற்கு 'உப்பு' என்றே பெயர்.

ஆயினும், அம்மாவுக் குவியலைக் கள்வன் கவர்ந்து சென்றால், தனக்குத் தோன்றிய சொற்களையெல்லாம் தானும் அரைத்து ஒப்பிட்டுப் பார்ப்பான். எளிதில் அரைபடும் முறையைக் கையாண்டிருந்தால், நொடிக்கு 1,000 கோடி சொற்களை முயலுதல் இன்றைய பொறிகளுக்கு அரிதன்று. ஆங்கிலச் சிற்றெழுத்துகள் 8 கொண்டு அமையும் சொற்கள் 20,882 கோடி. கேட்பதற்கு மலைப்பான எண்ணே. ஆனால் அப்பொறி 21 நொடியில் அவை முழுவதையும் முயன்று முடிக்கும். எழுத்துகள் 12 ஆயின் 110 நாள் வேண்டும். எழுத்துகள் 16 ஆயின் 1,30,000 ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். இக்கணக்கு, எழுத்துகள் ஒழுங்கின்றி அமைந்த சொல்லுக்கே பொருந்தும். பெயரையும் பிறந்த நாளையும் கடவுச்சொல்லாகக் கொண்டவருக்கு ஒரு நொடியும் மிகை.

மக்களோ எளிய சொற்களையே நாடுகின்றனர். ராபர்ட் மாரிஸ், கென் தாம்சன் என்னும் அறிஞர் இருவர் தாம் தொகுத்த 3,289 கடவுச்சொற்களை ஆராய்ந்து 1979-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றுள் 2,831 சொற்கள் மிகக் குறுகியனவாகவோ அகராதியில் உள்ளனவாகவோ இருந்தன. முப்பது ஆண்டு கழிந்த பின்னரும் நிலை மாறவில்லை. 2009-ஆம் ஆண்டில் ராக்யூ என்னும் நிறுவனத்திலிருந்து 3 கோடியே 20 லட்சம் கடவுச்சொற்கள் களவு போயின. அவற்றுள் மிகப் பலர் வைத்திருந்த சொல் ஒன்று முதல் ஆறு வரையுள்ள எண்களின் வரிசை. அதனை வைத்திருந்தோர் ஏறத்தாழ 2,90,000 பேர். ஆயின் பிழை அவர்களுடையது மட்டுமன்று. அந்நிறுவனம் சொற்களை அரைத்து வைக்காமல் உள்ளவாறே எழுதி வைத்திருந்தது. குடிமக்களின் மெலிந்த தாழ்ப்பாளைப் பழிப்பவர், கதவே வைக்காமல் வீடு கட்டியவரையும் பழித்தல் வேண்டும்.

இனி, சொல்லும் வலிது, மதிலும் வலிது என்றிருக்குமிடத்தில் கள்வன் முத்தநாதன் வழியை மேற்கொள்கின்றான். வங்காளதேசத்தின் நடுவண் வங்கியில் நிகழ்ந்த களவு இதற்குத் தக்க சான்று. அமெரிக்க நீதித்துறை 2018-ஆம் ஆண்டில் வெளியிட்ட குற்றச்சாட்டின்படி, அது 2015-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வந்த சில மடல்களிலிருந்து தோன்றியது. வேலை தேடும் ஒருவர் பணிவோடு எழுதியவை போன்றிருந்தன அம்மடல்கள். தம் தகுதிகளைக் கூறும் ஏட்டினைக் காண்பதற்கு ஓர் இணைப்பும் அவற்றில் இருந்தது. வங்கியில் இருந்தோர் சிலர் அவ்வேட்டினைப் பெற முயன்றனர். சுவடிக்கட்டினுள் வாள் இருந்தது. உட்புகுந்தவர் ஓராண்டு அளவும் ஓசையின்றி உலவினர். 2016-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 4-ஆம் நாள், அவ்வங்கியே எழுதுவதுபோல், நியூயார்க் நகரத்து வங்கிக்கு 35 ஆணைகளை அனுப்பினர். ஏறத்தாழ 95 கோடி டாலரைப் பல இடங்களுக்கு மாற்றுமாறு அவை பணித்தன. பெரும்பகுதி தடுக்கப்பட்டது, எனினும் 8 கோடியே 10 லட்சம் டாலர் பிலிப்பைன்ஸ் நாட்டுக்குச் சென்றது.

அந்நிகழ்ச்சியில் மாணவர் மறக்கலாகாத செய்தி ஒன்று உண்டு. இலங்கையில் உள்ள அறக்கட்டளை ஒன்றின் பெயருக்கு 2 கோடி டாலர் செல்லும்படி ஓர் ஆணை இருந்தது. அறக்கட்டளையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைக் கள்வர் பிழைபட எழுதியிருந்தனர். இடையே இருந்த ஜெர்மானிய வங்கி அவ்வெழுத்துப் பிழையைக் கண்டு ஐயுற்று விளக்கம் கேட்டது. அதனால் அப்பணம் தப்பியது. வலிய பொறிகள் காணத் தவறியதை, எழுத்தைப் பிழையறப் படிக்கும் பழக்கம் கண்டது. கூர்ந்து படித்தலும் ஒரு காவலே.

தமிழ்நாட்டிலும் இத்தகைய முயற்சி நிகழ்ந்ததுண்டு. கும்பகோணத்தில் 1904-ஆம் ஆண்டு தோன்றிய சிட்டி யூனியன் வங்கியில், 2018-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 7-ஆம் நாள் அலுவலர் கணக்கை ஒத்துப் பார்த்தனர். அப்போது தாம் அனுப்பாத மூன்று ஆணைகள் தம் வங்கியின் பெயரால் வெளிநாடுகளுக்குச் சென்றிருத்தலைக் கண்டனர். துபாய், துருக்கி, சீனம் ஆகிய மூன்றிடங்களுக்குச் சென்ற அவ்வாணைகளின் மொத்தம் 20 லட்சம் டாலரை நெருங்கியது. அனுப்பிய ஆணைகளுக்கு வரும் மறுமொழிகளைத் தாளில் அடித்துத் தரும் பொறியை முந்திய நாளே கள்வர் செயலிழக்கச் செய்திருந்தனர். எனினும், மறுநாட் காலையில் கணக்குப் பார்க்கும் வழக்கம் அங்கே இருந்தது. அதனால் களவு உடனே வெளிப்பட்டது. துபாய்க்குச் சென்ற 5 லட்சம் டாலர் தடுக்கப்பட்டது. வாயில் ஒருகால் திறந்துவிட்டாலும் வீட்டினுள் ஒரு கண் விழித்திருத்தல் வேண்டும் என்பதற்கு இது சான்று.

முத்தநாதனின் சூழ்ச்சியை மீண்டும் நோக்கினால், அதில் நான்கு கூறுகள் புலப்படும். மறுக்கக் கூசும் உயர்ந்த வேடம் ஒன்று. எங்கும் கிடைக்காத அரும்பொருள் என்னும் ஆசைமொழி ஒன்று. காத்திராத விரைவு ஒன்று. பிறரை அகற்றிவிடும் தனிமை ஒன்று. இன்று கைப்பேசி வழியாக வரும் வஞ்சகரிடமும் இந்நான்குமே காணப்படுகின்றன. ஒருவன் வங்கி மேலாளனாக வருகின்றான். ஒருவன் பரிசு விழுந்தது என்கின்றான். ஒருவன், இந்நொடியே ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கூறாவிடில் கணக்கு முடங்கும் என்கின்றான். காவல் துறையினர் போல் உடையணிந்து திரையில் தோன்றி, 'டிஜிட்டல் கைது' செய்திருப்பதாக மிரட்டி, வீட்டாரிடமும் சொல்லலாகாது என்று கட்டளையிடுவோரும் உளர். அத்தகைய கைது இந்தியச் சட்டத்தில் இல்லை. 2024-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் நாட்டின் தலைமை அமைச்சரே வானொலியில் இதனை எடுத்துரைத்து எச்சரிக்கும் அளவுக்கு அவ்வஞ்சகம் பரவிவிட்டது.

இவ்விடத்தில் ஒரு தடை எழலாம். வருவோர் அனைவரையும் ஐயுற்றால் விருந்தோம்பும் பண்பு என்னாவது? வேடத்தை மதித்து உயிரையே ஈந்த நாயனாரைப் போற்றும் நாட்டில், வருவோரை நிறுத்தி வினவுதல் தகுமா? இவ்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. அதற்கு விடை, எவருடைய பொருள் ஈயப்படுகின்றது என்பதில் உள்ளது. நாயனார் ஈந்தது தம் உயிரை. அதனை ஈயும் உரிமை அவருக்கு உண்டு. வங்கி அலுவலர் கையில் உள்ள திறவுகோல் அவருடையதன்று, ஊர்மக்களின் உழைப்பு. மருத்துவமனையின் கணிப்பொறியில் இருப்பது நோயாளரின் மானம். பள்ளியின் கணிப்பொறியில் இருப்பது பிள்ளைகளின் எதிர்காலம். தன் பொருளை நம்பிக்கையால் இழப்பவன் வள்ளலாகலாம். பிறர் ஒப்படைத்த பொருளை அவ்வாறு இழப்பவன் கடமை தவறியவன் ஆவான்.

மேலும், வினவுதல் இகழ்தலாகாது. யாவருக்கும் ஒன்றாக வகுத்த விதி எவரையும் தாழ்த்துவதில்லை. உண்மை அடியார் ஒருவர் அன்று வந்திருந்தால், அரசர் துயில்கின்றார் என்று தத்தன் சொன்ன அளவில் திண்ணையில் அமர்ந்திருப்பார். மெய்யானவர் காத்திருப்பர், பொய்யானவனுக்கே காத்திருத்தல் பொறுக்காது. ஆதலின் சற்றுப் பொறுக்கச் சொல்லுதலே சிறந்த சோதனை.

தத்தன் கடமையில் தவறவில்லை. தடுத்தான், காரணமும் கூறினான். ஆனால், உயர்ந்தோன் ஒருவன் கடந்து சென்றால் நிறுத்தும் அதிகாரம் அவனிடம் இல்லை. இன்றைய அலுவலகங்களிலும் இக்குறையே பெரிது. மேலதிகாரியின் பெயரால் வரும் அவசர ஆணையை, இளைய எழுத்தர் ஒருவர் நிறுத்தி, நேரில் கேட்டு உறுதி செய்து கொள்ளும் உரிமை பெற்றிருத்தல் வேண்டும். அவ்வாறு நிறுத்தியவரைச் சினவாது பாராட்டுதல் வேண்டும். காவலனுக்குப் பெயர் மட்டும் தந்து அதிகாரம் தராத கோட்டை, எத்துணைப் பொருள் செலவிட்டுக் கட்டினும் காவலற்றதே.

மாணவர் கைக்கொள்ளத்தக்கன சில. கடவுச்சொல் நீண்டதாக இருத்தல் வேண்டும்; தொடர்பற்ற சொற்கள் நான்கைந்தைக் கோத்து அமைத்தால் நீளமும் கூடும், நினைவிலும் நிற்கும். ஒரு திறவுகோலை எல்லாப் பூட்டுக்கும் வைத்தல் ஆகாது. ஒன்று களவுபோயின் அனைத்தும் திறந்துவிடும். கடவுச்சொல்லோடு மற்றொரு சான்றையும் கேட்கும் இரட்டைப் பூட்டு கிடைக்குமிடத்தில் அதனை மேற்கொள்ளுதல் வேண்டும். கணிப்பொறிக்கு வரும் திருத்தங்களை நாள் கடத்தாது ஏற்றல் வேண்டும். 2017-ஆம் ஆண்டு மே மாதத்தில் வான்னாகிரை என்னும் தீநிரல் உலகெங்கும் கணிப்பொறிகளை முடக்கியது. அது நுழைந்த துளையை அடைக்கும் திருத்தம் மார்ச் மாதத்திலேயே வந்திருந்தது. ஏரிக்கரையில் நண்டு வளையைக் கண்டும் அடையாதவர், கரை உடைந்த பின் மழையை நோவதில் பயனில்லை.

ஏமாற்றம் நேர்ந்துவிடின் நாணி மறைத்தலே பெருந்தீங்கு. ஏமாந்தவர் அறிவிலர் அல்லர். அறிவும் வீரமும் நிறைந்த மன்னரிடத்தும் வஞ்சகம் பலித்ததன்றோ? விரைந்து 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவித்தால், பணம் கைமாறும் வழியிலேயே நிறுத்தப்படுதல் கூடும். நாணத்தால் கழியும் ஒவ்வொரு நாழிகையும் கள்வனுக்கே ஆக்கம்.

வீடுகளில் கைப்பேசியின் நுணுக்கம் அறிந்தவர் பெரும்பாலும் இளையோரே. முதியோரிடம் வரும் அழைப்பை முதலில் செவியுறுபவரும் அவர்களே. "தாத்தா, சற்றுப் பொறுங்கள், வங்கிக்கே சென்று கேட்டு வருவோம்" என்று சொல்லும் பேரனும் பேத்தியுமே இக்காலத் தத்தர்கள். "உனக்கு என்ன தெரியும்?" என்று பெரியோர் கடிந்துகொள்ளவும் கூடும். அப்போதும் பணிவு குன்றாமல், நின்ற இடத்தினின்று அகலாமல், மீண்டும் ஒருமுறை சொல்லுதல் வேண்டும். கோவலூர் அரண்மனையின் இறுதி வாயிலில் அன்று ஒருவனே நின்று தடுத்தான். அவன் சொல் கேட்கப்படவில்லை. இன்று ஒவ்வொரு வீட்டிலும் அத்தகைய ஒருவர் நிற்கட்டும். அவர் சொல் கேட்கப்படட்டும்.